ராத்திரி இரண்டு மணிக்குக் கப்பலில் யார் விழித்திருக்கிறார்கள்?

2017 ஜூன் 11, அதிகாலை இரண்டு மணி வாக்கில் கொச்சிக் கடலில் 'கார்மல் மாதா' என்ற மீன்பிடிப் படகின் மேல் ஒரு சரக்குக் கப்பல் மோதியது. மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படியிலிருந்து கடலுக்குப் போன படகு அது. படகில் இருந்த 14 பேரில் குளச்சல் பக்கத்துத் தமிழர்களும் அசாம்காரர்களும் உண்டு. பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள். இருவர் இறந்தார்கள், ஒருவர் காணாமல் போனார். மோதிய கப்பல், பனாமா கொடி கட்டிய 'ஆம்பர் எல்'. அதைக் கொச்சியில் நிறுத்தி விசாரித்த போலீசார் மூன்று பேரைக் கைது செய்தார்கள்: கேப்டன், செகண்ட் ஆபிசர், ஒரு மாலுமி.

கப்பல் முழுக்க ஆட்கள் இருக்க, ஏன் இந்த மூன்று பேர்? கேப்டன் முழுப் பொறுப்பாளி; அவர் தூங்கினாலும் அவருடைய பொறுப்பு தூங்காது. மற்ற இருவரைக் கைகாட்டியது கடிகாரம். எந்த நாட்டுச் சரக்குக் கப்பலானாலும் ராத்திரி இரண்டு மணிக்கு மேலே, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நிற்பவர் அநேகமாக செகண்ட் ஆபிசர்தான். அவருக்குப் பக்கத்தில் ஒரு மாலுமி இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே எஞ்சின் ரூமில் இப்போதெல்லாம் அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. மற்றவர்கள் தூங்குகிறார்கள்.

கடற்காரர்கள் இதை வாட்ச் என்பார்கள். இருபத்து நாலு மணி நேரத்தை நாலு நாலு மணியாக ஆறு துண்டு போட்டு, மூன்று ஆபிசர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டிலிருந்து நாலு வரை செகண்ட் ஆபிசர், நாலிலிருந்து எட்டு வரை சீஃப் ஆபிசர், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தேர்ட் ஆபிசர். பகலிலும் அதே, ராத்திரியிலும் அதே. இந்தப் பங்கீட்டுக்குக் காரணம் உண்டு. விடியலிலும் அந்தியிலும்தான் நட்சத்திரமும் தொடுவானமும் ஒருசேரத் தெரியும். செக்ஸ்டன்ட் பிடித்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட அந்த நேரம்தான் தோது. அனுபவம் கூடிய சீஃப் ஆபிசருக்கு நாலு-எட்டு போனது அதனால்தான். அனுபவம் குறைந்த தேர்ட் ஆபிசருக்குக் கேப்டன் விழித்திருக்கும் நேரத்தைக் கொடுத்தார்கள். ஜிபிஎஸ் வந்து செக்ஸ்டன்ட் பெட்டிக்குள் போன பிறகும் இந்தப் பங்கீடு மாறவில்லை. நூறு வருஷத்தில் கப்பலில் எல்லாமே மாறிவிட்டது, கடிகாரத்தைத் தவிர. அந்தக் கடிகாரத்தைச் சுற்றியிருந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாய்மரக் காலத்தில் வாட்ச் மூன்று இல்லை, இரண்டு. ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, நாலு மணி நேரம் ஓர் அணி, அடுத்த நாலு மணி நேரம் மற்ற அணி என்று ஓட்டினார்கள். தினமும் ஒரே அணிக்கு நடுச்சாமம் விழக்கூடாது என்பதற்காக மாலை நாலு முதல் எட்டு வரையான வாட்சை மட்டும் இரண்டு மணி நேரத் துண்டுகளாக வெட்டினார்கள். அதனால் முறை நாளுக்கு நாள் நகர்ந்தது. அரைமணிக் கண்ணாடியில் மணல் வடிந்ததும் மணி அடிப்பார்கள், எட்டாவது தடவை அடித்தால் வாட்ச் முடிந்தது. காற்று திரும்பினாலோ மழை பிடித்தாலோ தூங்குகிற அணியும் எழுந்து பாய் சுருட்ட வரவேண்டும். எட்டு மணி நேரம் தொடர்ந்த தூக்கம் என்பது அந்த மாலுமிகளுக்குக் கரையில் மட்டுமே கிடைத்த சௌகரியம்.

நீராவி வந்ததும் ஆள் குறைந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. பாய் கட்டுகிறவர்கள் குறைந்தார்கள்; கரி அள்ளுகிறவர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். உலையில் கரி போட ஒருவர், கிடங்கிலிருந்து உலை வாய்க்குக் கரியைத் தள்ளிக்கொண்டு வர இன்னொருவர், சாம்பலை வாரிக் கடலில் கொட்ட வேறொருவர். அந்தச் சூட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் மனித உடம்பு நிற்காது. நாலு மணி நேரம் நின்ற உடம்பு மறுபடி எழ எட்டு மணி நேரம் வேண்டும். இன்று நாம் பார்க்கிற நாலு மணி வேலை, எட்டு மணி ஓய்வு என்கிற மூன்று வாட்ச் முறை உலையடியில்தான் முதலில் ஊன்றியது. மேல்தளத்து மாலுமிகள் அதற்குப் பிறகும் நெடுநாள் இரண்டு வாட்சிலேயே கிடந்தார்கள். 1915-ல் அமெரிக்கா கொண்டுவந்த மாலுமிகள் சட்டம்கூட உலைக்காரர்களுக்கு மூன்று, மேல்தளத்துக்கு இரண்டு என்றுதான் விதித்தது. வேலை நேரத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் சேர்த்து ஒரு வரம்பு கட்டலாம் என்று 1936-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் எழுதியது. போதுமான நாடுகள் ஏற்காததால் அது அமலுக்கு வரவே இல்லை.

உலையடியில் நின்றவர்களில் நம் ஆட்கள் ஏராளம். 1914 வாக்கில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சுமார் 51,000 லஸ்கர்கள் இருந்தார்கள். லஸ்கர் என்றால் இந்திய மாலுமி என்று மேலோட்டமாகச் சொல்லலாம். சாரங்குதான் ஆட்களைத் திரட்டிக் கூட்டிவரும் தலைவர். அவருக்குக் கீழே துணைத் தலைவரான தண்டல், சுக்கான் பிடிக்கிற சுக்கானி, சாமான் அறையைப் பார்க்கிற கசாப், சமைக்கிற பண்டாரி, கூட்டித் துடைக்கிற டோபாஸ் என்று ஒரு சிறு கிராமமே கப்பலில் ஏறும். ஐரோப்பிய மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே இவர்களுக்குப் பெரிது. ஆகவே கம்பெனிக்காரர்கள் ஆள் கூடுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வெள்ளைக்கார மாலுமிகளை வைத்து ஓட்டிய கப்பலைவிட லஸ்கர் கப்பலில் தலைகள் அதிகம் இருந்தன. கப்பலில் எத்தனை பேர் என்பதை வேலையின் அளவு மட்டும் முடிவு செய்ததில்லை. கூலியின் அளவும் சேர்ந்துதான் முடிவு செய்தது, இன்றும் அப்படித்தான்.

கொச்சியில் அந்தக் காலத்துக் கப்பல்கள் மட்டாஞ்சேரி வரை வரமுடியாது. முகத்துவாரத்தில் மணல்திட்டு மறித்துக் கிடந்ததால் அவை வெளிக்கடலில் நங்கூரமிடும். பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளிலிருந்து மிளகும் சுக்கும் கயிறும் வள்ளங்களில் ஏறி, அலை அனுமதிக்கிற நாளில் கப்பலுக்குப் போகும். 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் திட்டை வெட்டி வழி திறந்தார். தோண்டிய மண்ணை இட்டு நிரப்பியதில் மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவு எழுந்தது. 1928 மே 26-ல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகும் சரக்கு மூட்டை மூட்டையாக, முதுகு முதுகாகத்தான் ஏறியது. இன்றைக்கு யாருக்கு வேலை என்பதைச் சாப்பா என்கிற உலோகச் சில்லுகளைக் கூட்டத்தில் வீசி எறிந்து முடிவு செய்தார்கள், பொறுக்கியவனுக்கு வேலை. அந்த முறையை எதிர்த்த துறைமுகத் தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15-ல் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. மலையாளிகள் இன்றும் மறக்காத போராட்டம் அது.

மூட்டைச் சரக்குக்கும் வாட்சுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கப்பல் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் துறைமுகத்தில் நிற்கும். பல துறைமுகங்களில் ராத்திரி வேலை நின்றுவிடும். கடலில் இழந்த தூக்கத்தை மாலுமி துறைமுகத்தில் தூங்கித் தீர்த்தான். ஊர் சுற்றினான், கடிதம் போட்டான், சட்டை தைத்துக்கொண்டான். இதை எந்த விதிப் புத்தகமும் ஓய்வு என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் அதுதான் ஓய்வாக இருந்தது.

இனி ஆள் குறைந்த கதை. முதலில் போனது கரி. 1912-ல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் எஞ்சினில் பெருங்கடல் கடந்தது. நீராவிக் கப்பல்களும் மெல்ல எண்ணெய்க்கு மாறின. உலைக்காரர் கூட்டம் இரண்டு தலைமுறைக்குள் கரைந்தது. ஆனாலும் 1960-களில் ஒரு சாதாரணச் சரக்குக் கப்பலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். மரப்பலகையும் தார்ப்பாயும் போட்டு மூடுகிற கிடங்கு வாய்களைத் திறந்து மூடவே ஒரு படை வேண்டியிருந்தது. ஹைட்ராலிக் விசையில் மடங்கும் எஃகு மூடிகள் வந்ததும் அந்தப் படை தேவைப்படவில்லை. தச்சர் போனார். பரிமாறுகிறவர்கள் போனார்கள்.

1961-ல் ஜப்பானின் 'கின்காசன் மாரு' பிரிட்ஜிலிருந்தே எஞ்சினை இயக்கிக் காட்டியது. அடுத்து வந்தது ஆளில்லா எஞ்சின் ரூம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எஞ்சினியர்கள் கதவைச் சாத்திவிட்டு மேலே வருகிறார்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ அன்றைய முறைக்காரர் படுத்திருக்கும் அறையில் அலாரம் அலறும், அவர் இறங்கி ஓடவேண்டும். வாட்ச் போய் அலாரம் வந்தது நல்லதா என்று எஞ்சினியர்களைக் கேட்டால் பாதிப்பேர் ஆமாம் என்பார்கள். ஒரே ராத்திரியில் நாலு தடவை எழுப்பப்பட்டவர் வேறு மாதிரிச் சொல்வார்.

கடைசியாகப் போன பெரிய பதவி ரேடியோ ஆபிசர். செயற்கைக்கோள் வழியான புதிய அபாய எச்சரிக்கை முறை 1999 பிப்ரவரி 1-ல் முழுமையாக அமலானதும் மோர்ஸ் தட்டுகிறவருக்குக் கப்பலில் நாற்காலி இல்லாமல் போனது. அவர் இறங்கினார், அவர் பார்த்த பேட்டரி பரிசோதனையும் செய்திப் பதிவும் இறங்கவில்லை, பிரிட்ஜ் ஆபிசர்கள் தலையில் ஏறின. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானியர்கள் 11 பேரை வைத்துப் பெருங்கப்பல் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்ட முடிந்தது. ஆனாலும் உலகம் அந்த எண்ணில் நிலைக்கவில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து என்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டது.

2025 மே 25-ல் கேரளக் கடலில் மூழ்கிய 'எம்எஸ்சி எல்சா 3' இதற்குக் கண்ணெதிரே உள்ள கணக்கு. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு 640 கன்டெய்னர்களோடு வந்த அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 24 பேர்: ரஷ்யக் கேப்டன், 20 பிலிப்பைன்ஸ்காரர்கள், இரண்டு உக்ரைனியர், ஒரு ஜார்ஜியர். நல்லவேளையாக அத்தனை பேரும் மீட்கப்பட்டார்கள். கப்பல் சாய்ந்ததற்கும் ஆள் கணக்குக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. 24 என்ற எண்தான் இன்றைய வழக்கம் என்று காட்டவே இதைச் சொல்கிறேன். இதைவிடப் பல மடங்கு பெரிய கன்டெய்னர் கப்பலிலும் ஆள் எண்ணிக்கை இதைவிட ரொம்ப அதிகமாக இருக்காது. கப்பல் பெருத்தாலும் பிரிட்ஜ் ஒன்றுதான், மெயின் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றுதான்.

நடுக்கடலில் இந்த இருபத்து நாலு பேர் போதும். மூன்று ஆபிசர், மூன்று மாலுமி, மூன்று வாட்ச். கணக்கு நேராக வருகிறது. சிக்கல் கரை தெரிந்ததும் தொடங்குகிறது. கொச்சிக்குள் நுழைகிற கப்பலையே எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறுவதற்கு முன்பே கேப்டன் பிரிட்ஜுக்கு வந்துவிடுவார், அவரோடு தேர்ட் ஆபிசர். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே கப்பல் நுழைகிறபோது முன்முனையில் சீஃப் ஆபிசர், பின்முனையில் செகண்ட் ஆபிசர், இரண்டு பக்கமும் மாலுமிகளின் தலைவரான போசனும் மாலுமிகளும் வடக்கயிற்றோடு நிற்பார்கள். எஞ்சின் ரூமுக்கும் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். யாருடைய தூக்க நேரம் அது என்று யாரும் கேட்பதில்லை. கயிறு கட்டி முடித்த கையோடு சரக்கு வேலை. கூடவே ஏஜென்ட், இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், சர்வேயர், பாதுகாப்பைப் பரிசோதிக்கும் அதிகாரி, காய்கறி, எரிபொருள் எல்லாம் ஏணி ஏறி வரும். 2004 ஜூலை 1 முதல் துறைமுகப் பாதுகாப்பு விதி வந்து, ஏணியடியில் இரவும் பகலும் ஒரு மாலுமி காவல் நிற்கவேண்டியதாயிற்று. அந்தக் காவலுக்கென்று புதிதாக ஆள் போட்ட கப்பலைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

மறுநாளே புறப்பாடு. 1973-ல் 'பிரசிடென்ட் டைலர்' கொச்சிக்குக் கன்டெய்னர் கொண்டுவந்தபோது தொடங்கிய மாற்றம் இது. 2011-ல் கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் திறந்த பிறகு வேகம் கூடியது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. சரக்குக்காரருக்கு லாபம், மாலுமிக்கு அந்த எழுதப்படாத ஓய்வு பறிபோயிற்று. விழிஞ்ஞம், கொச்சி, கொழும்பு என்று பக்கத்துப் பக்கத்துத் துறைமுகங்களைச் சுற்றுகிற ஃபீடர் கப்பல்களில் இது இன்னும் மோசம்: தூங்கி எழுவதற்குள் அடுத்த பைலட் வந்துவிடுகிறார். ஆளைக் குறைத்ததே தவறு என்று நான் சொல்லமாட்டேன். கரி அள்ள யாரும் திரும்பிப் போகவேண்டியதில்லை. குறைத்தவர்கள் நடுக்கடலை வைத்துக் கணக்குப் போட்டார்கள், துறைமுகத்தை வைத்துப் போடவில்லை. அங்கேதான் தவறு.

விதிகள் இல்லையா என்றால் உண்டு. மாலுமிகளின் பயிற்சிக்கும் வாட்சுக்குமான 1978-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமும் அதன் 2010 மணிலா திருத்தமும், 2006-ம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் இருக்கின்றன. பின்னதை இந்தியா 2015-ல் ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். பத்து மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். 77 போனால் 91. வாரம் 91 மணி நேரம் வேலை வாங்குவது சட்டப்படி சரி என்று இதே விதியைத் திருப்பியும் படிக்கலாம். இரண்டே ஆபிசர்கள் உள்ள சிறு கப்பல்களில் ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு என்று ஓடுகிறது. வாரம் 84 மணி நேரம், விதிக்குள்தான். மாற்ற வருகிறவர் பத்து நிமிஷம் தாமதித்தால் ஆறு மணி ஓய்வு உடைந்துவிடும். சாப்பிடுவதும் குளிப்பதும் துவைப்பதும் அந்த ஆறுக்குள் அடக்கம்.

உடைந்தால் என்ன ஆகும்? பதிவேட்டில் உடையாத மாதிரி எழுதுவார்கள். வேலை நேரப் பதிவுகளைத் திருத்தி எழுதுவது கப்பல்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்வீடனில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-ல் ஓர் ஆய்வாகவே வெளியிட்டது. ஆய்வாளர்களைவிட இது மாலுமிகளின் வீட்டாருக்கு முன்பே தெரியும்.

தூக்கம் கெட்ட கப்பல் என்ன செய்யும் என்பதற்கு 1989-ன் 'எக்ஸான் வால்டெஸ்' பேர்போன சாட்சி. அலாஸ்காவில் பாறையில் ஏறிய அந்த டேங்கரின் கதையில் குடித்திருந்த கேப்டனைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். விசாரணை அறிக்கை, பிரிட்ஜில் நின்ற தேர்ட் ஆபிசரின் களைப்பையும் வேலைச் சுமையையும் சேர்த்தே காரணம் காட்டியது. 2010 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஏறிய 'ஷென் நெங் 1' கப்பலின் சீஃப் ஆபிசர், அதற்கு முந்தைய 38.5 மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம். துறைமுகத்தில் கரி ஏற்றுவதை மேற்பார்வையிட்டுவிட்டு வாட்சுக்கு வந்தவர் அவர். அவரைக் களைக்க வைத்தது துறைமுகம்.

களைப்புக்கு மருந்தாக இன்னொரு கருவியைத்தான் வைத்தார்கள். ஆட்டோபைலட் ஓடும்போது பிரிட்ஜில் இருப்பவர் குறிப்பிட்ட சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அசையவேண்டும், அல்லது ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். இல்லையென்றால் அலாரம் அடித்து, கடைசியில் மற்ற ஆபிசர்களையும் எழுப்பும். இந்தக் கருவி 2011 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. பயனுள்ள கருவிதான். பொத்தானை அழுத்துகிறவர் கடலையும் பார்க்கிறாரா என்பதை அதனால் சொல்லமுடியாது.

குறைந்த ஆள் பலம் வெளிப்படும் இன்னொரு நேரம், தீ. 2025 ஜூன் 9-ல் 'வான் ஹாய் 503' கேரளக் கடலில் தீப்பிடித்தபோது அதில் இருந்தவர்கள் 22 பேர். நால்வர் காணாமல் போனார்கள், 18 பேர் கப்பலை விட்டு இறங்கி மீட்கப்பட்டார்கள். மூச்சுக்கருவி மாட்டி உள்ளே போக நாலு பேர், அவர்களுக்குக் குழாய் பிடிக்கவும் சுற்றுச் சுவர்களைக் குளிர்விக்கவும் நாலைந்து பேர், பம்புக்கும் எஞ்சினுக்கும் சிலர், பிரிட்ஜில் இருவர், காயம் பட்டவர்களைப் பார்க்க ஒருவர் இருவர். எண்ணிப் பாருங்கள், கப்பல் காலி. இரண்டாவது இடத்தில் தீ பிடித்தால் அனுப்ப ஆளில்லை. நாள் முழுக்க எரிந்தால் மாற்ற ஆளில்லை.

ஒரு கப்பலுக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பதை அதன் கொடி நாடு ஒரு சான்றிதழில் எழுதிக் கொடுக்கிறது. கப்பலில் மாட்டியிருக்கும் அந்தத் தாளில் உள்ள எண் பெரும்பாலும் உண்மையில் வேலை செய்கிறவர்களைவிடக் குறைவு. கொடி நாடுகள் வாடிக்கை பிடிக்கப் போட்டியிடுகிற தொழிலில் அந்த எண் எந்தப் பக்கம் சாயும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆளே இல்லாத கப்பலும் கொச்சிக்குப் புதிதல்ல. நார்வேயின் ஆஸ்கோ நிறுவனத்துக்காகக் கொச்சி கப்பல் கட்டும் தளம் 67 மீட்டர் நீளமுள்ள இரண்டு மின்சாரக் கப்பல்களைக் கட்டி 2022-ல் ஒப்படைத்தது. 16 டிரெய்லர்களை ஏற்றிக்கொண்டு ஓஸ்லோ ஃபியோர்டைக் குறுக்கே கடக்கும் அவை, பின்னாளில் ஆளில்லாமல் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அது ஒரு குறுகிய நீர்ப்பரப்பு. பழுதானால் இழுத்துவர உதவி பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு வாரம் கரை தெரியாமல் ஓடுகிற கப்பலில் குழாய் வெடித்தால் ஃபிட்டர் வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் மாற்று வரவில்லை.

தூத்துக்குடியிலும் குமரி மாவட்டத்திலும் கொச்சியிலும் பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும் வீடுகள் நிறைய. சம்பளத்தைக் கேட்கிற மூச்சிலேயே கேட்கவேண்டியவை சில உண்டு. ஆளெடுக்கும் ஏஜென்டிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா? வேலை வாங்கித் தரப் பணம் கேட்டால் அது விதிமீறல். ஒப்பந்தம் எத்தனை மாதம்? பன்னிரண்டு மாதத்தைத் தொடக்கூடாது. 2020-ல் கொரோனாவால் உலகம் முழுக்க சுமார் நாலு லட்சம் மாலுமிகள் ஒப்பந்த காலம் முடிந்தும் கடலில் சிக்கியிருந்தார்கள், அப்போது கொச்சி அவர்களை மாற்றி இறக்கிய துறைமுகங்களில் ஒன்று. கப்பல் நீண்ட ஓட்டமா, ஃபீடர் ஓட்டமா? பிரிட்ஜில் எத்தனை ஆபிசர்கள், மூன்று வாட்சா, ஆறுக்கு ஆறா? கடைசிக் கேள்விக்கு ஏஜென்ட் மழுப்பினால், அதே கம்பெனியில் போய் வந்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.